மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: திட்டத்தை உயர்த்தும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி இது: தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள கான்கிரீட் வீடு. 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரூட்டர் வாசல் பக்கத்து ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. ஹாலில் வேகம் நன்றாக இருக்கிறது. மாடிப் படுக்கையறையில் 10 எம்பிபிஎஸ் கூட வருவதில்லை. சாயங்காலம் ஆனால் வீடியோ கால் விட்டுவிட்டு வருகிறது. 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா, இல்லை ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரூட்டர் வாங்கலாமா?

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். மாடியில் 10 வருகிற வீட்டில் 500 எடுத்தாலும் மாடியில் 10தான் வரும். பெரிய ரூட்டர் விஷயமும் பெரும்பாலும் அப்படித்தான். ரூட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், உங்கள் போன் திருப்பிப் பதில் சொல்ல வேண்டுமே. போனின் ஒலிபரப்புத் திறன் ரூட்டரைவிடக் குறைவு. அதனால்தான் போனில் மூன்று கோடு சிக்னல் தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதலில் கோளாறு லைனில் இருக்கிறதா, ரூட்டரில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். அரை மணி நேரம் போதும், காசு செலவில்லை.

லேப்டாப்பை நல்ல லேன் கேபிளால் நேராக ரூட்டரில் சொருகுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு வேகப் பரிசோதனை செய்யுங்கள். 300க்கு அருகில் வந்தால் லைன் சரி. 93, 94 என்று வந்து அதற்கு மேல் அசையவே இல்லையென்றால் நிறுவனத்துக்கு போன் போடாதீர்கள். அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் அடையாளம். மலிவு விலை ரூட்டர்கள் பலவற்றில் இன்னும் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கிறது. போர்ட் ஜிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருந்தாலும் கேபிளில் கோளாறு இருக்கலாம். லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள் உண்டு. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் தொடர்பில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பெரும்பாலும் இரு முனைகளும் நான்கு கம்பியில் ஓடும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், எந்த எச்சரிக்கையும் காட்டாது. விண்டோஸில் நெட்வொர்க் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று இருக்கிறதா, 100/100 என்று இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் ஆக இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். அலகையும் கவனியுங்கள்: டவுன்லோடு சாளரம் காட்டுவது மெகாபைட், திட்டம் சொல்வது மெகாபிட். 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம்.

அடுத்து போனோடு ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 5 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டில் (ரூட்டரின் இரண்டு வைஃபை அலைவரிசைகளில் வேகமானது; மற்றது 2.4) அதே பரிசோதனை. பிறகு மாடி அறையில். ஆண்ட்ராய்டு போனில் வைஃபைமேன் போன்ற ஒரு ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்; சிக்னல் அளவை டிபிஎம் கணக்கில் காட்டும். எண் எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 அருமை. மைனஸ் 60 நன்று. வீடியோ கால் தடங்கலின்றி ஓட மைனஸ் 67க்குக் கீழே போகக் கூடாது. மைனஸ் 75ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் செய்தி போகும், வேறெதையும் நம்ப முடியாது. 3 டிபி குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிறது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. அதனால் மைனஸ் 65க்கும் 75க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

சாயங்காலத் தொல்லைக்கு வேறொரு சோதனை. லேப்டாப்பைக் கேபிளில் இல்லாமல் வைஃபையில் இணைத்து, இரண்டு கமாண்ட் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றொன்றில் வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8க்கும் பிங் (சின்னத் தகவல் அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் கட்டளை) தொடர்ந்து ஓடும்படி விடுங்கள். கால் தடுமாறும் நேரத்தில் இரண்டையும் பாருங்கள். ரூட்டருக்கான பிங் வழக்கமாக 2 முதல் 5 மில்லிநொடிக்குள் இருக்கும். அதுவே 200, 300 என்று துள்ளினால் கோளாறு உங்கள் வீட்டுக் காற்றில். ரூட்டர் பிங் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் துள்ளினால், லைனில் நெரிசல் அல்லது உங்கள் வீட்டிலேயே யாரோ அப்லோடு செய்கிறார்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ரூட்டர் மாற்றுவதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் மாடிப் பிரச்சினை காற்றில்தான். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை ஊடுருவ 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு மிகக் கடினம். 2.4 ஓரளவு ஏறிவிடும், ஆனால் வேகம் குறைவு. தளத்தோடு நிற்காமல், ரூட்டர் டிவிக்குப் பின்னால் வேறு இருக்கிறது. டிவியின் பின்புற உலோகத் தகடு அந்தத் திசையை அடைத்துவிடும். இரும்பு பீரோ, பிரிட்ஜ், நிலைக்கண்ணாடியின் ரசம் பூசிய பின்பக்கம், நிறைந்த தண்ணீர்த் தொட்டி எல்லாமே அலையைத் தடுப்பவை அல்லது விழுங்குபவை. மூடிய ஷோகேஸுக்குள் வைப்பதும் தப்பு. சிக்னலோடு காற்றோட்டமும் போய்விடும், வெயில் காலத்தில் சூடேறி தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

முதல் வேலை, ரூட்டரை நகர்த்துவது. நல்ல இடம் மாடிப்படிக்கு அருகே, ஐந்தாறு அடி உயரத்தில், திறந்த சுவரில். மாடிப்படித் திறப்பு வழியாகத் தளம் குறுக்கிடாமல் அலை மேலே ஏறும், வழக்கமான வீட்டில் அதுதான் ஒரே கதவு. ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைத்தால் அலை பக்கவாட்டில் உளுந்து வடை வடிவத்தில் பரவும். ஆன்டெனாவுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வடையின் ஓட்டை. மாடி அறை ரூட்டருக்கு நேர் மேலே இருந்தால் அந்த ஓட்டையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே தெரியும் ஆன்டெனா இருந்தால் ஒன்றை மட்டும் படுக்க வைத்துப் பாருங்கள், டிபிஎம் எண் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

ஃபைபர் வந்து சேரும் இடத்தை விட்டு பெட்டியை நகர்த்த முடியாதே என்பீர்கள். பச்சை முனையுள்ள ஃபைபர் பேட்ச் கார்டு (இரு முனையிலும் ஜாக் வைத்த ஃபைபர் கேபிள்) 10, 20 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது, இணைப்புக் கொடுத்தவரிடமே கேட்டு நீட்டிக்கொள்ளலாம். நீலமுனை கார்டை பச்சைமுனைக்குச் சொருகக் கூடாது. முனையின் சாய்வு வேறு என்பதால் ஒளி வீணாகும். விரலில் சுற்றுகிற அளவுக்கு ஃபைபரை மடிக்காதீர்கள், கதவிடுக்கில் நசுக்காதீர்கள், கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

இடம் மாற்றிய பிறகு ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்கு (பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டினால் திறக்கும்) வாருங்கள். ஒவ்வொரு பேண்டும் சேனல் என்ற தடங்களாகப் பிரிந்திருக்கும். 2.4 பேண்டில் சேனல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை. ஆப்பில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எந்தச் சேனலில் மொய்க்கின்றன என்று பார்த்து, மூன்றில் காலியானதை நிலையாக வையுங்கள். 3 அல்லது 4 காலியாகத் தெரிகிறதே என்று அங்கே போனால், 1, 6 இரண்டின் தொல்லையும் சேர்ந்து வரும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 40 வைத்தால் நெருக்கமான தெருவில் வேகம் கூடாது, அறுந்துபோவதுதான் கூடும்.

5 ஜிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வையுங்கள். இந்தியாவில் 2018 அக்டோபரில் இந்த அலைவரிசைகள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன, ஆகவே இடம் தாராளம். 36 முதல் 48 வரை ஒரு தொகுதி, 149 முதல் 161 வரை இன்னொன்று. இந்த இரண்டில் ஆள் குறைவான தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். நடுவிலுள்ள 52 முதல் 144 வரையான சேனல்கள் ராடாரோடு பகிர்ந்துகொள்பவை. ராடார் அலை வந்ததாகத் தோன்றினால் ரூட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும், புதிதாக அதே வகைச் சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். விமான நிலையம், வானிலை ராடார் அருகே வீடு இருந்து, 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் அவ்வப்போது ஒரு நிமிடம் காணாமல் போகிறதென்றால் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். பழைய ரூட்டர்களில் டிகேஐபி என்ற தேர்வு இருக்கும். அதை வைத்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. "நல்ல ரூட்டர், பக்கத்தில் உட்கார்ந்தாலும் 20 எம்பிபிஎஸ்தான்" என்கிற புகாரில் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரூட்டரில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சொருகியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், அந்தக் கேபிள் 2.4 பேண்டில் இரைச்சல் கிளப்பும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பேண்டில்தான் தொல்லை தரும்.

டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித்தரும் சேவை) 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்குவது சில வீடுகளில் விரைவாகும். டவுன்லோடு வேகம் கூடாது.

இவ்வளவும் செய்தால் மாடியில் 10 என்பது 40, 60 ஆகலாம். மாடியிலும் 200க்கு மேல் வேண்டுமென்றால் நேர்வழி ஒன்றுதான்: மாடிக்கு லேன் கேபிள் இழுத்து, அங்கே இரண்டாவது வைஃபை பெட்டி வைப்பது. செலவைப் பார்த்து இதைத் தள்ளிவிட்டு ரிப்பீட்டர் வாங்குகிறவர்கள் அதிகம். ரிப்பீட்டர் கேட்ட ஒவ்வொரு தகவலையும் அதே காற்றில் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால், ஒற்றை ரேடியோ உள்ளதில் வேகம் பாதியாகிறது. அதையும் சிக்னலே இல்லாத மாடி அறையில் சொருகினால், இல்லாத சிக்னலை எங்கிருந்து பெருக்கும்? வேறு வழியே இல்லாமல் ரிப்பீட்டர் வைக்கத்தான் வேண்டுமென்றால், ரூட்டரிலிருந்து வரும் சிக்னல் மைனஸ் 60 அளவில் இருக்கும் பாதிவழியில், படி திரும்பும் இடத்தில் வையுங்கள். மெஷ் பெட்டிகளுக்கும் (ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள்) இதே விதிதான். மூன்று ரேடியோ உள்ள மெஷ் பெட்டிகள், அவற்றில் ஒரு ரேடியோவைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கிவிடுவதால் நிலைமை பரவாயில்லை, ஆனால் தளத்தின் இரு பக்கமும் வைத்தால் அதுவும் திணறும். பெரும்பாலான மெஷ் பெட்டிகளில் லேன் போர்ட் உண்டு. கேபிளால் இணைத்தால் அதே பெட்டிகள் வேறு ஆளாக மாறிவிடும்.

சுவரை உடைக்க வேண்டாம். நம் ஊர் வீடுகளில் கேபிள் டிவிக்காக மாடிவரை போட்ட பைப் பெரும்பாலும் இருக்கும். உள்ளே பயன்படாமல் கிடக்கும் பழைய டிவி வயரின் ஒரு முனையில் புதிய கேட் 6 லேன் கேபிளையும் ஒரு நைலான் கயிற்றையும் இன்சுலேஷன் டேப்பால் மெலிதாக, கூம்பாகச் சுற்றிக் கட்டி, மறுமுனையிலிருந்து ஒருவர் இழுக்க இன்னொருவர் உள்ளே தள்ள வேண்டும். பழைய வயர் வெளியே வரும், புதியது உள்ளே போகும், கயிறு அடுத்த முறைக்கு உள்ளேயே கிடக்கட்டும். அசையவில்லையென்றால் பலம் போட்டு இழுக்காதீர்கள். கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவினால் வழுக்கும். 230 வோல்ட் மின்கம்பி போகும் பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்கவே கூடாது. அது இரைச்சல் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். சந்தையில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிள் அதே கேட் 6 பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது வளைவில் முறியும், ஜாக்கில் பிடிமானம் தளரும், நாளடைவில் 1000 என்பது 100 ஆக இறங்கக்கூடும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 மீட்டர் எல்லை, வீட்டுக்குள் அது கவலையில்லை. ஜாக் அடிக்கும் வண்ண வரிசை, கிளிப் கீழே பார்க்க இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் ஒரே வரிசை. ஜோடி முறுக்கை ஜாக்கின் வாய்வரை பிரிக்காமல் விடுங்கள். மேல்உறையும் ஜாக்குக்குள் போய்ப் பிடிபட வேண்டும். வெளிச்சுவர் வழியாகப் போவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் எடுங்கள். மொட்டைமாடி வழியாகத் திறந்தவெளியில் செம்புக் கேபிள் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இடி மழைக்காலத்தில் அக்கம்பக்கத்தில் மின்னல் இறங்கினால் போர்ட்டுகள் எரியும்.

மேலே வைக்கப் புதிய பெட்டி வேண்டுமென்பதுகூட இல்லை. கையிலிருக்கும் பழைய ரூட்டர் ஜிகாபிட் போர்ட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸும் உள்ளதென்றால் போதும். முதலில் அதைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து, ஆக்சஸ் பாயிண்ட் மோடு (ரூட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் நிலை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று (கீழ் ரூட்டர் 192.168.1.1 ஆக இருந்தால்) வைத்துவிட்டு, டிஎச்சிபியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை வான் (WAN) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட் ஒன்றில் சொருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு பெட்டிகள் முகவரி கொடுக்கத் தொடங்கும், போன்கள் "இணைக்கப்பட்டுள்ளது, இன்டர்நெட் இல்லை" என்று காட்டும். கீழும் மேலும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. சேனல் மட்டும் வேறு. கீழே 36 என்றால் மேலே 149.

இதற்குப் பிறகும் ஒரு தொல்லை மிஞ்சும். மாடிக்கு ஏறிய பிறகும் போன் கீழ் ரூட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும். எதில் சேர்வது என்று முடிவெடுப்பது போன்தான், ரூட்டர் அல்ல. கையிலிருக்கும் சிக்னல் ஓரளவு மோசமாகும்வரை அது விடாது. இரண்டு பெட்டிகளிலும் 2.4 பேண்டின் ஒலிபரப்பு சக்தியை 'மீடியம்' அல்லது 'லோ'வுக்கு இறக்குங்கள். கீழ்ச் சிக்னல் மாடியில் தேய்ந்தால் போன் தானே மேல் பெட்டிக்குத் தாவும்.

சாயங்கால வீடியோ காலுக்கு வருவோம். பிங் சோதனையில் ரூட்டர் அமைதியாகவும் வெளி முகவரி மட்டும் துள்ளியும் இருந்தால், யாராவது வீட்டுக்கு வந்ததும் அவர்கள் போன் நாளின் படங்களையும் வீடியோவையும் கிளவுடுக்கு ஏற்றுகிறதா என்று பாருங்கள். அப்லோடு நிரம்பினால் ரூட்டரின் வரிசையில் தகவல் தேங்கும், உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். வேகப் பரிசோதனையில் டவுன்லோடு எண் நன்றாகவே தெரியலாம், பேச்சு மட்டும் அறுபடும். ரூட்டரில் எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் (அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால், அப்லோடு, டவுன்லோடு எல்லையை நிஜ வேகத்தின் 90 சதவீதத்துக்கு வையுங்கள். பத்து சதவீதம் இழப்பதில் பேச்சு சீராகும். அந்த வசதி இல்லாத பெட்டியென்றால் படப் பேக்கப்பை இரவு சார்ஜ் போடும் நேரத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் யாரும் எதையும் ஏற்றாதபோதும், கேபிளில் சோதித்தாலும், இரவு 8 முதல் 11 வரை மட்டும் 8.8.8.8 துள்ளினால் அது நிறுவனத்தின் நெரிசல். பிங் சாளரத்தின் படத்தை நேரம் தெரியும்படி எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்ற புகாருக்கு ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், நேரமும் அளவும் உள்ள புகாரை அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள்.

லைனே விட்டுவிட்டு அறுந்தால் ஃபைபர் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் பெட்டி கேட்கும் எல்லையின் விளிம்பில் இருக்கிறது. மழையில், காற்றில் கம்பி ஆடினால் போய்விடும். எல்ஓஎஸ் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை; பேட்ச் கார்டு மடங்காமல், முனை சரியாகச் சொருகியிருந்தால் நீங்கள் வீட்டுக்குள் செய்ய வேறொன்றுமில்லை, லைன் ஆள்தான் வர வேண்டும். வருகிறவரிடம் இந்த எண்ணை வேலைக்கு முன்னும் பின்னும் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக மின்சாரம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் கணத்தில் ரூட்டர் அணைந்து எழுந்தால் இரண்டு மூன்று நிமிடம் போகும். வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றின் பின்புறம் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கிறது, அதில் மாறும் நேரம் குறைவு. அது இல்லையென்றால் ரூட்டருக்கான மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் அச்சடித்ததைப் படியுங்கள்: 12 வோல்ட் என்றால் 12 வோல்ட்தான் வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா என்ற குறியும் பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் மின்காப்பு தேவை. இரண்டு மூன்று வருடமான ரூட்டர் காரணமின்றி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனால், பெட்டியைத் தூக்கிப் போடும் முன் அதே அளவுள்ள வேறொரு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். அதனுள் இருக்கும் கெபாசிட்டர் வெப்பத்தில் தளர்வதுதான் பல நேரம் காரணம்.